நடந்து முடிந்த பிறகு நடப்பது

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. 2004 ஜனவரி 23 காலை அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்தது. வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் கோளாறு. மேலே கீற்றுப் பந்தல். மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று, காவிரியோடு இன்னும் கீழே போனால் வருகிற கும்பகோணத்தில், பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். டிசம்பர் 26 அன்று காவிரி கடலைத் தொடும் கரையில் ஆழிப்பேரலை அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தொடக்கத்தில் தீ, நடுவிலும் தீ, கடைசியில் தண்ணீர். ஒரே ஆறு, ஒரே வருடம்.

இறந்தவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. தப்பித்தவர்களின் கணக்கு? அன்று முப்பது வயதில் மண்டபத்திலிருந்து ஓடிவந்தவருக்கு இன்று ஐம்பது தாண்டியிருக்கும். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் வயது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, உப்பு எவ்வளவு சேர்ப்பீர்கள் என்று டாக்டர் கேட்பார். இதற்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்க அந்தச் சீட்டில் இடம் கிடையாது. இடம் இருக்க வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பட்ட துயரம் வருடங்கள் கழித்து உடம்பில் வந்து நிற்குமா? நிற்கும் என்றால் எந்த வழியாக?

முதல் வழி உடம்பின் வேதியியல். ஆபத்து வந்தால் மூளையின் அடிப்பகுதியிலிருந்து நரம்புகள் வழியாகவும் பிட்யூட்டரி வழியாகவும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கு ஆணை போகிறது. அட்ரினலினும் கார்டிசோலும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகம் எடுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் நிற்கிறது. ஓடவும் எதிர்க்கவும் வேண்டிய ஏற்பாடு இது. ஓடி முடித்ததும் அடங்க வேண்டியது. சிலருக்கு அடங்குவதில்லை. தொட்டி நிறைந்த பிறகும் அணைக்காத மோட்டார் போல ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படி நாள்பட ஓடுவதால் உடம்பில் சேரும் தேய்மானத்தை அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மக்யூவன் 1993-இல் ஒரு தனிக் கருத்தாகவே முன்வைத்தார். ரத்தக் குழாய், இன்சுலின், தூக்கம், நோய் எதிர்ப்பு என்று எல்லாமே இதில் அடிபடும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறப்பிலிருந்தே பின்தொடரப்பட்ட ஒரு தலைமுறையை வைத்து ஆண்ட்ரியா டனேசி குழு 2007-இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பக்கபலம்: சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் இருபது வருடங்கள் கழித்தும் அழற்சியின் அளவு கூடுதலாக இருந்தது.

இரண்டாவது வழி பழக்கம். இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1980-களில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைப்பு மையம் ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப் போனார்கள். காரணம் புரியாமல் உட்கார்ந்து பேசியபோது, அவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. பருமன் சிலருக்கு ஒரு கவசமாக இருந்திருக்கிறது. நோய் என்று மருத்துவர் நினைத்தது, நோயாளியைப் பொறுத்தவரை தீர்வு. பிறகு ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறு வயதுத் துயரங்களைக் கேட்டார்கள். அடி, வசை, பாலியல் கொடுமை, குடிகார வீடு, சிறைக்குப் போன குடும்பத்தார் இப்படி. 1998-இல் வந்த முதல் அறிக்கையின்படி, நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து எதுவுமே படாதவர்களைப்போல 4 முதல் 12 மடங்கு. இதய நோயும் நுரையீரல் நோயும் கூடக் கூடின.

குடியை ஒழுக்கக் கேடாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும். குடிக்கிறவர் எல்லாரும் துயரத்தால் குடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தூக்கம் வராதவனுக்கு டாஸ்மாக் முதல் மருந்துக்கடையாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இந்த 2004-ஆம் வருடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அந்தச் செப்டம்பரில்தான், இந்தியா உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு வெளியானது. மாரடைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மன அழுத்தம், மனச்சோர்வு போன்ற மன, சமூகக் காரணங்களைப் பொறுப்பாக்கலாம் என்று அது கணக்கிட்டது. கொழுப்பையும் புகையையும் பற்றி அந்த ஆய்வு சொன்னதை மருத்துவமனைச் சுவரொட்டிகள் பிடித்துக்கொண்டன. இந்தப் பகுதியை விட்டுவிட்டன.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இத்துறையில் ஆர்வக்கோளாறு அதிகம். சிறுவயதுத் துயரங்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல் கூட்டத்தின் ஆபத்தைக் காட்டும். தனி மனிதரின் தலையெழுத்தைக் காட்டாது. நான்கு மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பேர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். துயரம் மரபணு வழியாகப் பேரன் பேத்திக்குப் போகிறது என்ற செய்தியும் இப்படித்தான். யூதப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் ரேச்சல் யெஹூடா குழு 2015-இல் ஒரு மரபணுவின் வேதி அடையாளத்தில் மாற்றம் கண்டது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது டச்சுத் தாய்மார் வயிற்றில் இருந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் சர்க்கரைக் கோளாறு கூடியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று உண்டு. அதை வைத்துக்கொண்டு, தாது வருடப் பஞ்சத்தால்தான் தமிழனுக்குச் சர்க்கரை வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதம் ஒரே தாவலில் நூற்றைம்பது வருடத்தைத் தாண்டிவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; நிரூபணம் கிடையாது.

நம் கரைக்கே திரும்பினாலும் எண்கள் ஒத்துப் போவதில்லை. ஆழிப்பேரலை முடிந்து இரண்டு மாதத்தில் தமிழ்நாட்டு மீனவ கிராமம் ஒன்றில் பெரியவர்களிடம் எடுத்த ஆய்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு 12.7 சதவீதம் என்றது. பாதிக்கப்பட்ட குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் நடந்த இன்னொரு ஆய்வு 70.7 சதவீதம் என்றது. குழந்தைகள் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பெரிய இடைவெளிக்கு வயது மட்டும் காரணமல்ல. எந்தக் கேள்வித்தாள், எந்த அளவைத் தாண்டினால் நோய் என்பதும் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. வீட்டையும் பிள்ளையையும் கடல் கொண்டுபோய் அறுபது நாள்கூட ஆகாதபோது ஒருத்தி தூங்கவில்லை, அழுகிறாள், அலைச் சத்தம் கேட்டால் நடுங்குகிறாள் என்றால், அதற்கு நோய் என்று பெயர் வைக்கத்தான் வேண்டுமா? அதே 2004-இல் ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரை, பெருந்துயரத்தைக் கடந்தவர்களில் கணிசமானோர் பெரிய கோளாறு ஏதுமின்றியே நிலைகொள்கிறார்கள் என்று வாதிட்டது. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெருமளவு அப்படியே சொல்கின்றன.

அப்படியானால் ஒரே தீயிலிருந்து வந்த இருவரில் ஒருவர் தேறுவதும் மற்றவர் தேறாததும் எதனால்? இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விக்கான விடைதான். கிறிஸ் புரூவின் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 77 ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் ஓர் அலசலை வெளியிட்டார்கள். ஆணா பெண்ணா, படிப்பு எவ்வளவு, முன்பே மனநோய் இருந்ததா என்பவற்றுக்கெல்லாம் பங்கு இருந்தது. ஆனால் சிறிய பங்கு. சம்பவத்தின் கொடுமைக்கு அதைவிடக் கூடுதல் பங்கு. அதற்கும் மேலே நின்றவை இரண்டு: பிறகு ஆதரவு கிடைத்ததா, பிறகும் துன்பங்கள் தொடர்ந்தனவா. நடந்ததைக் காட்டிலும் நடந்த பிறகு நடப்பது உடம்பையும் மனத்தையும் அதிகம் தீர்மானிக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். மேலே சொன்ன வேதியியலும் பழக்கமும் ‘நடந்த பிறகு நடப்பது’ என்ற இந்த மூன்றாவது வழிக்குள் அடங்குபவை. மோட்டாரை அணைக்கவிடாமல் வைத்திருப்பது பழைய தீ அல்ல. அதற்குப் பிறகு வந்த கடன், வழக்கு, தனிமை, வாய்மூடல்.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் நடந்த தீ விபத்துக்குத் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலை 30 அன்று. பத்து வருடம். அதன் பிறகு மேல்முறையீடு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பள்ளி வாசலில் கூடி விளக்கேற்றுகிறார்கள். இந்தக் கூடுகை அவர்களுக்கு நல்லது செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்; துக்கத்தை ஊர் அறிய வைத்துக்கொள்ள ஒரு நாளும் ஓர் இடமும் இருக்கிறதே. கோர்ட்டு வாசல் அப்படியல்ல. வாய்தாவுக்கு வாய்தா அதே காலைப்பொழுதை மறுபடி சொல்ல வைக்கிறது, சொன்னதற்கு ஒரு முடிவும் தருவதில்லை. நீதி தாமதமாவதைச் சட்டப் பிரச்சினையாகப் பேசுகிறோம். அது ரத்த அழுத்தத்தின் பிரச்சினையும்கூட.

திருச்சிக்கு இதைவிட நீண்ட உதாரணம் ஒன்று உண்டு. விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டிலும், துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளும் வாழும் இடங்கள். 2021-இல் தமிழக அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டித் தந்து வருகிறது. ஆனால் குடியுரிமைக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டவர்களும் குடியேறியவர்களுமான தமிழர்களிடம் சக்கரி ஸ்டீலும் சகாக்களும் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு, போரில் பட்டது மட்டுமல்ல, வந்த இடத்தில் விசாவுக்காகக் காத்திருந்தது, வேலையின்மை, குடும்பத்தைப் பிரிந்திருப்பது ஆகியவையும் நோய்க்குறிகளில் பெரும் பங்கு வகிக்கின்றன என்று காட்டியது. குண்டுச் சத்தம் நின்ற பிறகும், நாளைக்கு எங்கே என்ற கேள்வி நிற்கவில்லை.

போரைப் பற்றித் தமிழர் நிலையிலிருந்து ஆழமாக எழுதியவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். 1998-இலும் 2014-இலும் வந்த அவருடைய இரண்டு ஆங்கில நூல்கள் இந்தத் துறையில் தவிர்க்க முடியாதவை. அவர் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, தமிழ் நோயாளி ‘எனக்கு மனக்கவலை’ என்று வந்து உட்காருவதில்லை. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சு படபடப்பு, பெருமூச்சு என்றுதான் வருவார். திருச்சியிலும் அதே கதைதான். இங்கே அது கைகால் குடைச்சல், தலை கிறுகிறுப்பு, வயிற்றெரிச்சல். ஸ்கேன், இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள். இரண்டாவது, காயம் தனி ஆளுக்கு மட்டும் படுவதில்லை. குடும்பம், அயல், ஊர், கோயில் திருவிழா, ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை எல்லாம் சேர்ந்து உடைகின்றன. ஆளைத் தனியே பிரித்துச் சிகிச்சை கொடுத்தால் பாதிதான் ஆகும். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஆய்வு செய்த காயத்ரி பெர்னாண்டோவும் இதையே வேறு விதமாகக் கண்டார்: மக்கள் தங்கள் துன்பத்தை உள்ளே ஏதோ உடைந்ததாக அல்ல, குடும்பத்திலும் ஊரிலும் தங்கள் இடம் போய்விட்டதாகவே சொன்னார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பெயரும் தேதியும் உள்ள துயரங்கள். நினைவு நாள் இல்லாத துயரங்கள் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னணி என்று பெருமைப்படும் மாநிலம் இந்தப் பட்டியலிலும் முன்னால் நிற்கிறது. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாடு அந்த 13-இல் இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தியல்ல.

உடம்பின் கணக்கில் இவைதான் கனமானவை. மண்டபத் தீ ஒரு காலைப்பொழுது. அடிக்கிற கணவனோ, தொடுகிற மாமாவோ தினமும். மோட்டாரை ஒருமுறை தட்டிவிடுவதல்ல இது. அணைக்கவே விடாமல் கையை வைத்துக்கொண்டிருப்பது. இதற்கு ஊர் திரண்டு விளக்கேற்றாது. வெளியே சொன்னால் குடும்ப மானம் போகும் என்று வாயை அடைப்பார்கள். ஆதரவு கிடைக்காததுதான் மிகப் பெரிய ஆபத்து என்ற புரூவினின் முடிவை இந்த வீடுகளோடு சேர்த்துப் படித்தால், ஏன் இத்தனை பெண்கள் காரணம் தெரியாத வலியோடு புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் புரியும்.

சரி, எங்கே போவது? சத்திரத்தில் முசிறி பஸ் ஏறியவர்கள் பல தலைமுறையாகக் கண்ட விடை குணசீலம். காவிரியின் வடகரையில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவர்களை அழைத்து வந்து 48 நாள் தங்கவைத்து, உச்சிகால, அர்த்தஜாமப் பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். குழந்தை பயந்துவிட்டால் மந்திரிக்கத் தர்காவுக்குப் போவதும், வேப்பிலை அடிக்க மாரியம்மனிடம் போவதும் இதே வரிசை. படித்தவர்கள் இதைச் சிரித்துத் தள்ளிவிடுவதும், பக்தர்கள் இதுவே போதும் என்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறந்துவிட்டு நம்பிக்கை மருத்துவத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அதே சமயம், தமிழ்நாட்டு கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழு ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியதையும் மறக்கக் கூடாது. மருந்தே இல்லாமல் அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் கடும் மனநோயாளிகள், மனக்காயப்பட்டவர்கள் அல்ல. ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. இருந்தும், உடன் வந்த உறவினர், விரட்டாத இடம், செய்ய ஒரு சிறு வேலை என்று அங்கே இருந்தவை எல்லாமே ‘பிறகு’ என்ற சொல்லுக்குள் அடங்குபவைதான். குணசீலத்தில் இப்போது கோயிலோடு மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. பூஜையும் மாத்திரையும் சண்டை போடத் தேவையில்லை.

எது பலிக்கவில்லை என்பதும் தெரியும். பேரிடர் நடந்த கையோடு ஆலோசகர்கள் ஓடிவந்து, நடந்ததை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைக்கும் முறை ஆழிப்பேரலைக் காலத்தில் பரவலாக இருந்தது. அது நோயைத் தடுப்பதில்லை என்று பிறகு தெளிவானது. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சோறு, தங்க இடம், காணாமல் போனவரைப் பற்றிய தகவல், பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள்: முதல் நாட்களில் இவ்வளவு போதும். பின்னாலும் தேறாதவர்களுக்கு முறையான சிகிச்சை உண்டு. வடகிழக்கு இலங்கையில் போரையும் அலையையும் சேர்த்துப் பார்த்த 31 முகாம் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்ல வைக்கும் சிகிச்சை, மறுபகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளில் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தன. குழு சிறியது, சிகிச்சையே பெறாத குழந்தைகள் ஒப்பீட்டுக்கு இல்லை. ஆனால் இதைச் செய்ய வெளிநாட்டிலிருந்து மனநல மருத்துவர் வந்து உட்கார வேண்டியதில்லை என்பது தெரிந்துவிட்டது.

திருச்சிக்கு இதில் ஒரு மூத்த உரிமை உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் வந்தது இங்கேதான், 1997-இல். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இடையில், நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. திட்டம் மனநல மருத்துவரை மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது சரி. கைகால் குடைச்சலோடு வருகிறவர் மனநலப் பிரிவின் கதவைத் தட்டமாட்டாரே. அவர் போவது சர்க்கரை, ரத்த அழுத்த வரிசைக்கு.

அந்த வரிசை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மாதாமாதம் வரும் முகம். வீட்டில் யார் குடிக்கிறார், யார் கை ஓங்குகிறார் என்று அவர்களுக்குப் பாதி தெரிந்தே இருக்கும். ‘சரியாத் தூங்குறீங்களாக்கா? வீட்ல எல்லாம் பரவாயில்லையா?’ என்று கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. இதற்கு முன்னோடியும் உண்டு. கோவாவில் சங்கத் அமைப்பு, மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் ஆலோசனை தரவைத்தது. 2017-இல் லான்செட்டில் வந்த அதன் முடிவு, வழக்கமான கவனிப்பைவிட இது மேல் என்றது.

கேட்பதில் ஆபத்தும் இருக்கிறது. கணவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அன்று இரவே அடி விழும். கேட்டு, அவள் சொல்லி, அனுப்ப இடமில்லாமல் போனால் கேட்காமலே இருந்திருக்கலாம். புத்தூரில் இருக்கும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, 14416 என்ற டெலி மானஸ் எண், பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098: அனுப்ப இடங்கள் தாளில் இருக்கின்றன. தன்னார்வலருக்கு இன்று கிடைக்கும் ஊக்கத்தொகையில், இன்றைய வேலைப்பளுவுக்கு மேல் இதையும் சுமத்தினால் அவர் படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூடுதல் சம்பளம், முறையான பயிற்சி, தான் கேட்டதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகாமல் இறக்கி வைக்க மேலே ஒரு மேற்பார்வையாளர். இந்த மூன்றையும் முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் செய்து பார்க்கலாம். ஸ்ரீரங்கத்திலேயே தொடங்கலாம், 2004-இல் அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்று எந்த மாத்திரையில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் அதோடு கையில் வரும்.